டெல் டேல்

துறைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில்
மூன்று வரிதான் அதற்கு.
விரிசலின் குறுக்கே ஒட்டும் கண்ணாடிப் பட்டை.
சுவர் அசைந்தால் உடையும்.
உடைந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்கவும்.

படிவத்தைத் தமிழில் நிரப்பச் சொன்னார்கள்.
கலைச்சொல் பட்டியலில் 'காட்டி' என்றிருந்தது.
வழிகாட்டியும் நாள்காட்டியும்
உடையாமலே காட்டுகின்றனவே.
ஆங்கில அகராதியைப் புரட்டினேன்.
முதல் பொருள்: வாத்தியாரிடம் போட்டுக்கொடுக்கும் பிள்ளை.
இரண்டாவது: பாய்மரத்தில் கட்டிய நூல்,
காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது.
மூன்றாவதுதான், பொடி எழுத்தில், எங்களுடையது.
'கோள்சொல்லி' என்று எழுதினேன்.
அலுவலகமே சிரித்தது.
அடித்துவிட்டு அந்தச் சத்தத்தையே தமிழில் போட்டேன்.
டெல் டேல். எண்ணிக்கை ஒன்று. மதிப்பு நான்கு ரூபாய்.

சேரம்பாடிக்கு மேலே, எட்டாம் நம்பர் லயம்.
நாற்பது நாளாக விடாத மழை.
பூங்காவனத்தின் அடுப்படி மூலையிலிருந்து
கூரைவரை ஏறியிருந்தது விரிசல்,
கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறுகிறவர்களைப் போல
வளைந்து வளைந்து,
நடுவில் ஓரிடத்தில் நின்று இளைப்பாறி.
பள்ளிக்கூட ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய
மைக்ராஸ்கோப் சில்லை அங்கே வைத்து
இரு முனையிலும் சாந்து பூசினேன்.
ஈரத்தில் ஆணியால் தேதி கீறினேன்: 7.11.

"இது என்னா சார்?"
"டெல் டேல்."
"என்னா செய்யும்?"
"சுவர் நகர்ந்தா சொல்லும்."
"எப்படி?"
"உடைஞ்சு."
அரிசி களைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள்.
"யாருகிட்ட சொல்லும்?"
"எங்ககிட்ட."
"நீங்க என்னா செய்வீங்க?"
குடையை விரித்துக்கொண்டே சொன்னேன்,
"காலி பண்ணச் சொல்வோம்."

பதினைந்து நாள் கழித்துப் போனேன்.
கண்ணாடி முழுசாக இருந்தது.
'அசைவில்லை' என்று எழுதப் பேனா திறந்தபோது
சாந்தின் மேல் எறும்புச் சாரி.
சிமெண்டை எறும்பு தின்னுமா?
விரல் வைத்தேன்.
மைதா.

தேதி இருந்தது, அதே 7.11.
ஆனால் என் ஏழுக்கு அரைஞாண் கிடையாது.
இந்த ஏழு கட்டியிருந்தது,
கொழுந்து எடைச்சீட்டில் போடுகிற மாதிரி.
கண்ணாடியின் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட்.
எதிர்ச்சுவரில், பச்சைச் சட்டத்துக்குள்
அவள் கல்யாணப் போட்டோ
மூடியில்லாமல் ஈரம் குடித்துக்கொண்டிருந்தது.
மாப்பிள்ளையின் தோள் ஏற்கெனவே கரைந்துவிட்டது.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.
"தலைமன்னார்ல கப்பல் ஏறயில எனக்கு நாலு வயசு" என்றாள்,
என்னிடம் அல்ல, சுவரிடம்.

பதிவேட்டின் அந்தக் கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை
பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்.

மூன்றாம் நாள் எட்டு வீட்டையும்
பஞ்சாயத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள்.

தை பிறந்தாயிற்று.
சுவர் இன்னும் விழவில்லை.
வெயிலில் விரிசல் கொஞ்சம் மூடிக்கொண்டதாகக்கூடச் சொல்கிறார்கள்.
பள்ளி வராந்தாவில் எட்டு வீட்டுத் துணியும் ஒரே கொடியில்.
பூங்காவனம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
பையன்கள்தான்,
என் பைக் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதுமே
ஒருத்தனுக்கொருத்தன் குரல் கொடுக்கிறார்கள்,
எந்த அகராதியும் புரட்டாமல்,
முதல் பொருளிலேயே:

"டேய், டெல்டேலு வருது."