உதிரி

மூன்று நாளாக வீட்டில் விசில் இல்லை.
கடைவாய்ப் பல் இரண்டைக் கொடுத்துவிட்டுப்
பல்லாஸ்பத்திரியிலிருந்து வந்தவள்
கன்னத்தில் ஐஸ் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள்.
பேசக்கூடாதாம். மெல்லக்கூடாதாம்.

நல்லி எலும்பை உதட்டில் வைத்து
ஒரே உறிஞ்சில் உள்ளதை எடுத்துவிட்டு
வெற்று எலும்பில் ஊதிக்காட்டுவாள் பியூலா.
ஒன்று ஊதினால் நில்.
இரண்டு ஊதினால் ரைட்.
பதினோரு வருடம் பஸ்ஸில் ஊதிய வாய்.
இன்று பழைய டிக்கெட் சுருளைக் கிழித்து
முதுகில் எழுதி நீட்டுகிறது:
"கஞ்சி வேணாம். பீப்."

எப்படி மெல்லுவ என்றேன்.
அடுத்த சீட்டு கிழிந்தது.
"கைமா. உருட்டாத. பன்னுல அப்படியே அள்ளிப் போடு."

புளியந்தோப்பு மார்க்கெட்டில் மழைத்தண்ணி இன்னும் வடியவில்லை.
செங்கல் மேல் கால் வைத்துப் போய் நின்றேன்.
"கண்டக்டரம்மாவுக்கா?
சில்லறை இல்லாம ஏறினேன்னு
யானைகவுனியில எறக்கி விட்டுச்சே என்னை"
என்றபடியே தொடைக்கறியில் ஜவ்வு நீக்கி
ஒருமுறைக்கு இருமுறை அரைத்தார் இலியாஸ் பாய்.
கொழுப்பு கொஞ்சம் கேட்காமலே சேர்த்தார்.

லோகோ ஒர்க்ஸில் நான் பிட்டர்.
எந்த போல்ட்டுக்கு எத்தனை சுற்று, கைக்குத் தெரியும்.
வெங்காயத்துக்கு எத்தனை?
அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
சீட்டு சீட்டாக அனுப்பினாள்.
"செவக்கட்டும்."
"மொளகா போடாத, புண்ணு."
"கட்டி ஒட, கரண்டி முதுகால."
"தண்ணி ஊத்தாத."
கடைசிச் சீட்டு வந்தபோது
அரை டம்ளர் ஊற்றியாயிற்று.
கையிலிருந்த ஸ்பூனால் தட்டில் ஒரு தட்டு: டங்.
நின்றேன்.

அந்த அரை டம்ளர் சுண்டும்வரை
செய்ய ஒன்றுமில்லை.
ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது.

பெரம்பூரில் வாடகைக்கு இருந்தோமே, அந்த வீட்டில்
இதே கறியை ஜன்னல் சாத்தி வேகவைப்போம்.
கதவிடுக்கில் ஈரத்துணி, வாசலில் ஊதுவத்தி இரண்டு.
கீழே வீட்டுக்காரர் செருப்பு போடும் சத்தம் கேட்டால்
குக்கருக்கு வெயிட் போட மாட்டோம்.
சாப்பிட்ட எலும்பை நாலு கவரில் சுற்றி
என் டிபன்பாக்ஸ் பையில் வைத்து அனுப்புவாள்.
இரண்டு வருடம்.
உறிஞ்சுவாள், ஊத மாட்டாள்.
அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.
இப்போதுதான், கரண்டியோடு நிற்கும்போது.

இங்கே போர்டு வீட்டில்
எதிர்வீட்டு டில்லிபாபு தலையை நீட்டி
"என்னண்ணே, இன்னைக்கு நீயா?" என்கிறான்.
அவ்வளவுதான்.

தோசைக்கல்லில் வெண்ணெய் உருக்கி
பன்னின் வெட்டுமுகத்தைக் குப்புறப் போட்டேன்.
ஓரம் மொறுமொறுத்தால் குத்துமென்று
அவசரமாக எடுத்தேன்.
அள்ளி வைத்து மூடினால்
நாலு பக்கமும் சரிந்து கொட்டுகிறது.
கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை உண்டு,
கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கு உண்டு,
இதைப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை.
நட்டு இல்லாத வேலையை
என் கையால் செய்தது இதுவே முதல்முறை.

வாயைத் திறந்தாள்.
ஒரு விரல் அளவுதான் திறந்தது.
பன் நுழையாது.
இரண்டு பேரும் பன்னைப் பார்த்தோம்.
அப்புறம் அவள் அதைத் தட்டில் சாய்த்துவிட்டு
உதிர்ந்ததை முதலில் எடுத்தாள்,
ஒவ்வொரு சிட்டிகையாக,
டிக்கெட் பணம் எண்ணும் அதே மூன்று விரலால்.
நைட்டி மடியில் விழுந்ததையும் விடவில்லை.
நெய்ச்சாறு ஊறிய பன்னைப் பிய்த்து
நாக்கில் வைத்துக் கரையவிட்டாள்.

நல்லா இருக்கா என்று கேட்கவில்லை.
டிக்கெட் சுருள் தீர்ந்திருந்தது.

காலித் தட்டில் ஸ்பூன்: டங்.
சரி, போதும்போல என்று
அடுப்பை அணைக்கத் திரும்பினேன்.
டங், என்றது பின்னால்.

சட்டியில் கைமா பாதி கிடக்கிறது.
பன் ஒன்றுகூட இல்லை.
சட்டை மாட்டிக்கொண்டு
படியிறங்குகிறேன்.