இன்னொரு கால் சுற்று

மீசாலைத் தென்னைச் செய்கையாளர் சங்கத்துக்குக்
கமநலக் கந்தோர் தந்தது ஒன்றே ஒன்று:
குரங்கு கலைக்கக் காற்றுத் துவக்கு.
கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்,
செயலாளர்.

முதல் கிழமை நேராய்ப் போனது.
கார்த்திகை மழை தொடங்க
இடப்பக்கம் இழுத்தது குண்டு.
பிறகு வலம். பிறகு மேலே.
கதியாலில் கவிழ்த்த பால்மாப் பேணி
ஒரு நெளிவும் இல்லாமல் எங்களைப் பார்த்தது.
கறுத்தக்கொழும்பான் கொப்பிலிருந்து
தாய்க்குரங்கும் பார்த்தது,
குரும்பட்டியைக் கடித்துத் துப்பிக்கொண்டு.

"கட்டைக்குள்ள இரும்பு ஆடுது" என்றார் அருளம்பலம்.
"இறுக்குங்கோ" என்றார் தலைவர்.
இறுக்கினோம்.
குறடு போட்டு, பல்லைக் கடித்து,
முழங்காலுக்குள் கட்டையைச் செருகி,
மரம் முனகும்வரை.
திருகாணியின் கீழே நசிந்து
தேங்காய்ப்பூப் போல் வெளியே வந்தது மரம்.
அதன்பிறகு
சுட்ட குண்டைத் தேட ஆள் விடவேண்டியிருந்தது.

கணக்கப்பிள்ளை பத்மலோஜினி
நிலுவைப் புத்தகத்தை மூடினாள்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.
"இஞ்ச தாங்கோ."

முதலில் எல்லாவற்றையும் கழற்றினாள்.
நசிந்த இடத்தை விரல்நுனியால் தடவினாள்,
விலை கேட்குமுன் சேலையைத் தடவுவதுபோல.
சோடா மூடியொன்றைத் தட்டையாக்கி
வட்டம் வெட்டித் திருகாணிக்குக் கீழே கொடுத்தாள்.
முன்னது இரண்டும் மாறி மாறி,
பின்னது கடைசியில்,
திருப்புளியை இரண்டு விரலால் மட்டும் பிடித்து.
விரல் நின்ற இடத்தில் மணிக்கட்டைச் சேர்த்தாள்.
கால் சுற்று.
நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் அருளம்பலம்.
"காணும்.
மாரிக்கு மரம் ஊதும், அதுக்கு இடம் விடவேணும்.
பங்குனியில சுருங்கும், அப்ப ஒருக்கா தொட்டுப் பாக்கவேணும்."
இவ்வளவையும் அவள்
திருகாணிக்குத்தான் சொன்னாள்.

அந்த நிறுத்தம் எனக்கும் தெரியும்.
எப்படி என்று எழுதமாட்டேன்.

ஐந்து குண்டு.
பேணியில் ஓட்டை ஒன்று,
ஒரு ரூபாய்க் குற்றியளவு.
குரங்கு கொப்பு மாறியது.
அவள் துவக்கை மேசையில் வைத்தாள்,
வாய் சுவரைப் பார்க்க,
எப்படி வைப்பது என்று யோசிக்காமல்.
சூடு கேட்டதைவிட
அந்த வைப்புத்தான் எங்களுக்குப் பெரிதாய்க் கேட்டது.

வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த
உத்தியோகத்தர் மயூரதன், சின்னப் பெடியன்,
உண்மையான வியப்போடுதான் கேட்டான்:
"அக்கா, இதெல்லாம் எங்க பழகினீங்கள்?"

மழை சீற்றில் விழுந்துகொண்டிருந்தது.
தலைவரின் தேத்தண்ணீரில் ஆடை படர்ந்தது.

"தையல் மெசின்" என்றாள்.
"ஓம், தையல் மெசின்தான்" என்றார் அருளம்பலம்.
"பழைய கால் மெசின்" என்றார் தலைவர்.
"அதிலயும் இரும்பு கட்டையிலதானே இருக்குது"
என்றேன் நான்.
மூலைக்கு ஒருவராய், மாறி மாறி,
ஆளுக்குக் கொஞ்சம்.
அவன் சிரித்தான்.
படிவத்தில் முத்திரை குத்திவிட்டு
மழைக்கோட்டைத் தேடினான்.

அன்றைய கூட்டக் குறிப்பில் எழுதினேன்:
துவக்கு திருத்தப்பட்டது.
செலவு: சோடா மூடி ஒன்று.
திருத்தியவர் என்ற இடத்தில் பேனை நின்றது.
'சங்கம்' என்று போட்டேன்.

பங்குனி பிறந்து,
குறிப்புப் புத்தக அட்டை வெயிலில் வளைந்த ஒருநாள்
அவள் மேசையில் திருப்புளியை வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
கூட்டிக்கொண்டிருந்த கணக்கை விடாமலே
அதை எடுத்து
லாச்சிக்குள் போட்டாள்.
லாச்சியை முழுக்கச் சாத்தவில்லை.