ஓரெழுத்து

போர்வை நுனி பட்டாலே அலறுவான்
என் தம்பி பாராயா.
ஆடு உரிக்கும் ஆலையின் ஈரத் தரையில்
இருபது ஆண்டு நின்ற கால்.

பியரைக் குறை என்றேன்.
அவன் குடிப்பதே இல்லை.
கினாவைத் தொடாதே என்றேன்.
மாமா வீட்டுத் துக்கத்தில்
பாறையிடுக்கில் பிடுங்கி உடைத்த கினா
தட்டுத் தட்டாக அவனைத் தாண்டிப் போனது.
கை நீட்டவில்லை.
விடிந்தபோது விரல்
பழுத்த தக்காளி.
திருட்டுத்தனமாகத் தின்றிருப்பாய் என்றேன்,
எல்லோரும் கேட்க.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது.
சிறுநீரகத்தில் ஒரு வாசலாம்.
யூரிக் அமிலத்தை வெளியே தள்ள வேண்டியது
அரைக்கதவாக நிற்கிறதாம்,
கோடானுகோடி எழுத்துகளில்
ஒன்று மாறிப்போனதால்.

தலையெழுத்து என்கிறோம்.
இவனுக்கு அதைக்
கால் கட்டைவிரலில் எழுதியிருக்கிறது.

படகேறி இந்தக் கரைக்கு வந்தவர்களில்
யார் கொண்டுவந்ததோ.
கிழங்கை இறக்கினார்கள், நாயை இறக்கினார்கள்,
இதை மட்டும்
யாரும் இறக்கி வைக்கவில்லை.

இரண்டாம் உறை என் பெயருக்கு.
அதே எழுத்து.
"மாதவிடாய் நிற்கும்வரை
உடம்பு கொஞ்சம் காத்துக்கொடுக்கும்"
என்றாள் செவிலி நைரீ.
ஆகஸ்டிலிருந்து
எனக்குக் கணக்குத் தப்புகிறது.

மாத்திரையைப் பாதியாக உடைத்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
மன்னிப்புக் கேட்க
வாய் வரவில்லை.
கடிதத்தை நீட்டினேன்.

"உனக்குமா?" என்றான்.
பல்லைக் கடித்தபடி
முக்காலியில் காலை நகர்த்தி
இடம் விட்டான்.