இடது காது

முதல் வருடம் காலடியைத் தேடியே அலைந்தேன்.
தப்பு. காலடி கிடக்கிற இடத்தில்
மிளா இல்லை.

புளியங்குடி கமிஷன் கடையில்
எலுமிச்சை மூட்டைக்குத் தராசு பிடிக்கிறவன் நான்.
ஆறு நாள் எடை, ஞாயிற்றுக்கிழமை மலை.
செய்யதலியின் நாட்டுத் துப்பாக்கிக்கு
ராத்திரி வாடகை முந்நூறு,
விழுந்தால் பின்னந்தொடை ஒன்று.
மூன்று வருடத்தில் ஒரு தொடையும் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

அதைப் பார்த்தது மொத்தம் நாலு தடவை.
கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளம்.
இடது காது நடுவில் கிழிந்து
இரண்டு இலையாகத் தொங்கும்.
இளசுகள் சுள்ளி முறிந்தால் பாயும்.
இது பாயாது.
நான் அடக்கிய மூச்சை விடுகிற வரைக்கும் நின்று
அப்புறம் போகும்,
விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர் மாதிரி.

இரண்டாம் வருடம் காற்று.
சட்டைப்பையில் திருநீறு, சாமிக்கு இல்லை,
விரலிடுக்கில் உதிர்த்து எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க.
விடியுமுன் காற்று குளிரோடு கீழே இறங்கும்.
பாறையில் வெயில் பட்டதும் மேலே ஏறும்.
சாரல் மாதத்தில் இந்தக் கணக்கே கிடையாது,
கேரளத்துக் காற்று முகட்டைத் தாண்டி
மேலே வந்து விழும்.
அப்போதுதான் அதன் படுக்கையைக் கண்டேன்.
முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஈத்தைப் புதர் ஓரம்,
முதுகு மேற்கே, முகம் கிழக்கே.
மூக்கால் கேரளத்தையும் கண்ணால் தமிழ்நாட்டையும்
ஒரே நேரத்தில் காவல் காத்தபடி.
இரண்டு வனத்துறையும் சேர்ந்தும்
இப்படிக் காத்ததில்லை.

சேற்றுக்குழியில் காத்திருந்து ஒரு பங்குனி வீணானது.
வெளிச்சத்தில் அங்கே பெட்டையும் குட்டியும்தான் வரும்.
கிழடு அறுபது அடி பின்னால் நின்று
அவை மிரள்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.
குழியை விட்டு, அந்த அறுபதாவது அடியில் உட்கார வேண்டும்.
"கறிதானேடா, ஒரு வெள்ளாடு வாங்கேன்"
என்றான் கொம்பையா,
இரண்டு ராத்திரி அட்டைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு.
அப்புறம் அவன் வரவில்லை.

மூன்றாம் வருடம்தான் உறைத்தது.
சனிக்கிழமைப் புழுக்கை இந்தப் பக்கம்,
ஞாயிற்றுக்கிழமைப் புழுக்கை எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்.
அது என் கிழமையைப் படித்திருந்தது.
வாசத்தையும்.
எவ்வளவு சாம்பல் தேய்த்தாலும்
என் நகக்கண்ணில் எலுமிச்சை.

காய்ச்சல் என்று முதலாளியிடம் பொய்.
எட்டு நாள் தராசைத் தொடவில்லை.
ஊறுகாய் ஜாடியை எட்டத் தூக்கி வைக்கச் சொன்னதற்கு
ஆவுடை என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுத முடியாது.

சித்திரை முதல் செவ்வாய்.
வேங்கைக் கவட்டையில் மூன்று மணியிலிருந்து நான்.
ஐந்தரைக்கு ஈத்தை விலகியது.
பெரிய பெட்டை ஒன்று.
போகட்டும் என்று விரலை எடுத்தேன்.

பெட்டைக்குக் கழுத்து ஏன் இவ்வளவு தடிமன்?
உச்சந்தலையில் இரண்டு வட்டம்,
ரத்தம் காய்ந்த ஒற்றை ரூபாய் அளவு.
இடது காது
இரண்டு இலை.

கொம்பு உதிர்ந்த தலையை
எந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்குக் காட்டியதில்லை.
இரக்கப்பட்டு விட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. இது அது இல்லை என்று ஒரு நொடி நினைத்தேன்.
அந்த நொடியில் அது நின்று பார்த்தது,
நான் மூச்சு விட்டேன்,
போய்விட்டது.

செய்யதலிக்கு முந்நூறு கொடுத்தேன்.
புதன்கிழமை தராசு. எழுபத்திரண்டு மூட்டை.
கொம்பு எங்கேயோ சருகுக்குள் கிடக்கும்,
முள்ளம்பன்றி கடித்துக்கொண்டிருக்கும்.
ஆடிக்குள் புதுசு முளைத்துவிடும்.

இப்போது அதற்குச்
செவ்வாயும் தெரியும்.