செவ்வாய், வியாழன், சனி

த்ரியெஸ்தேயில் போரா காற்று அடிக்கும் நாட்களில்
டயாலிசிஸ் பிரிவின் ஜன்னல் தானே சீழ்க்கையடிக்கும்.
காலை ஆறரைக்குப் பெயர் கூப்பிடுவேன்.
காலோ. பெத்தெலின். ஹான். கோஹௌதோவா.
நான்கு நாற்காலி, நான்கு எந்திரம்,
நான்கு மணி நேரம்.

முதலில் சிரித்தவர் ஹான்,
கிடங்கில் நாற்பது வருடம் காப்பிக்கொட்டை முகர்ந்தவர்.
"சிஸ்டர், இது வார்டா, கோழிக்கூண்டா?"
எனக்குப் புரியவில்லை. விரல்விட்டு எண்ணினார்:
அவர் இத்தாலியச் சேவல், இவர் ஸ்லோவேனியச் சேவல்,
நான் ஜெர்மன், அந்தம்மா செக்.
யார்மிலா கோஹௌதோவா கண் திறக்காமலே திருத்தினார்:
"நான் சேவல் இல்லை, சேவலுடையவள்.
விவாகரத்தாகி முப்பது வருடம்.
வால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது."

அன்று கூவியும் பார்த்தார்கள், அவரவர் மொழியில்.
கிகிரிகி, கிக்கெரிகி, கிகிரிகீ.
கண்ணை மூடிக் கேட்டால்
யார் எந்த நாடென்று சொல்ல முடியாது.
எல்லோருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. அதட்டினேன்.

காலோ மட்டும் கூவவில்லை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
மலைமேட்டுப் பேருந்தில் இரண்டு மொழியில் பலகை வைத்ததற்கு
நகராட்சிக்கு ஏழு கடிதம் எழுதியவர்.
பக்கத்து நாற்காலியோடு எட்டு மாதத்தில் பேசியது
"ஜன்னலைச் சாத்து."

மார்ச்சில் ஒரு வியாழன்
பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளோடு வந்தார்.
இறந்துபோன அக்காளின் அலமாரியில்
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடந்ததாம்.
1930. முத்திரை. ஊதா மை.
பெத்தெலின் என்னும் குடும்பப்பெயர் இன்றுமுதல்
காலோ என்று மீட்டளிக்கப்படுகிறது.
மீட்டளிக்கப்படுகிறது.
கழுத்தை விட்டுவிட்டுப்
பெயரை மட்டும் திருகியிருக்கிறார்கள்.

ஊசி குத்திய கை அசையக் கூடாது,
தாளை நான்தான் பிடித்திருந்தேன்.
பெத்தெலின் கண்ணாடி மாட்டி நிதானமாகப் படித்தார்.
"ஊர்ப்பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறான்" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
காலோ கூரையைப் பார்த்தபடி இருந்தார்.
பிறகு, "எப்படி உச்சரிப்பது?"
"பெத்தெலீன். கடைசியில் அழுத்து."
நடுவில் அழுத்தினார்.
"இல்லை."
மறுபடியும்.
"இல்லை."
எந்திரம் அலறியது, குழாய் மடங்கியிருந்தது.
நிமிர்த்துவதற்குள் மூன்றாவது முறை சொல்லியிருந்தார்,
சரியாகச் சொன்னாரா, எனக்குக் கேட்கவில்லை.

என் சட்டைப் பட்டையில் பெவிலாக்வா என்றிருக்கும்.
தண்ணீர் குடிப்பவன்.
ஒரு நாளைக்கு அரை லிட்டர் மட்டும் அளந்து குடிப்பவர்கள்
என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.
கேலி செய்து செய்து சலித்துவிட்டார்கள்.
அன்று பனிக்கட்டி கொடுக்கப் போனபோது
பெத்தெலின் பட்டையை உற்றுப் பார்த்தார்.
"எங்கள் பக்கம் வோதோபிவெட்ஸ் என்போம்,
அர்த்தம் அதேதான்.
உன் வீட்டில் அலமாரி இருக்கிறதா?"

இருக்கிறது.
இன்னும் திறக்கவில்லை.
எப்போதும்போல் மருந்தறைக் கதவுக்குப் பின்னால் போய்
அவர்கள் கண்ணில் படாமல்
இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தேன்.