கைமாற்று

பதினேழு வயதில் பீட்டர்ஹெட் மீன்சந்தைக்குப் பின்னால்
ஒருத்தி என்னை முத்தமிட்டாள்.
மூன்று வாரம் தொண்டை வீங்கிக் கிடந்தேன்.
முத்தக் காய்ச்சல் என்று சிரித்தார் மருத்துவர்.
காய்ச்சல் போனது. அவளும் போனாள்.
கிருமி மட்டும் போகவில்லையாம்.
நாற்பத்தொரு வருடம் என் ரத்தத்தில்
குறட்டைகூட விடாமல் தூங்கியிருக்கிறது,
வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரனைப் போல.

சிறுநீரகம் வந்த பிறகுதான் வினை.
அந்நியச் சதையைக் கடித்துக் குதறிவிடாதிருக்க
என் காவலாளிகளுக்குத் தினம் இரு வேளை
தூக்க மருந்து.
காலை எட்டு, இரவு எட்டு, ஒருநாளும் தவறியதில்லை.
காவல் தூங்கினால்
விழிப்பது யாரென்று
யோசித்திருக்க வேண்டும்.

கழுத்தில் முதலில் ஒரு பட்டாணி.
ஈஸ்டருக்குள் கோழிமுட்டை.
மாத்திரையைக் குறைத்தால் சிறுநீரகம் முறைத்தது,
கூட்டினால் கட்டி கொழுத்தது.
நான்கு வாரம் ஏற்றிய மருந்தும்
கடலில் கரைத்த பெருங்காயம்.
"யார் அவள்?" என்றாள் ஊனா,
முப்பது வருடத்தில் கேட்காத கேள்வி.
பெயர் மறந்துவிட்டது என்றேன்.

இன்று அபர்டீனில் மழை பக்கவாட்டில் அடிக்கிறது.
செவிலி செங்கா புகையும் பெட்டியைத் திறக்கிறாள்.
உறைந்திருந்தது வெந்நீர்த் தொட்டியில் இளகுகிறது.
இவ்வளவுதானா?
ஒரு தேக்கரண்டி. பார்லி கழுவிய தண்ணீர் மாதிரி
லேசாகக் கலங்கி.

பெயரில்லை, ஓர் எண் மட்டும்.
ஆணா பெண்ணா தெரியாது.
எனக்குப் பாதிக்குப் பாதி பொருந்துகிற யாரோ
ஒரு செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்து
பிஸ்கட் தின்று
பஸ் பிடித்துப் போயிருப்பார்.
அவருடைய வெள்ளணுக்களுக்கு
இந்தக் கிருமியின் முகம் தெரியுமாம்.
எப்படி என்று கேட்டேன்.
"அவருக்கும் ஒருநாள் வந்திருக்கணுமே"
குழாயைச் சுண்டியபடி சொன்னாள் செங்கா.

அப்படியானால் அங்கேயும் ஒரு முத்தம்.
சினிமாக் கொட்டகை இருட்டில்,
அல்லது தொட்டிலின் மேல் குனிந்த ஒரு தாய்,
அல்லது ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் குடித்த
இரண்டு மடையர்கள்.
யாரோ யாருக்கோ கொடுத்தது
சண்டை பழகி
என் இடது கைக்குள் இறங்குகிறது.
நான்கு நிமிடம்.

தங்க மாட்டாவாம் இவை.
சில வாரம் வேலை பார்த்துவிட்டு ஓய்ந்துபோகும்.
வட்டியில்லை, சீட்டில்லை, திருப்பிக் கேட்க ஆளில்லை.
அடுத்த புதன் இன்னொரு கரண்டி, மொத்தம் நான்கு.
பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.
சிலருக்குக் கரைகிறது. சிலருக்கு இல்லை.
என் கட்டி இன்னும் வாய் திறக்கவில்லை.

அதற்குள் என் மூச்செல்லாம் பூண்டு நாற்றம்.
அணுக்களை உறையவைத்த மருந்தின் வாடை,
இரண்டு நாள் இருக்கும் என்று எச்சரித்திருந்தார்கள்.
திறக்க முடியாத ஜன்னலைப்
பார்த்துக்கொண்டிருந்தாள் ஊனா.
"மார்சலி" என்றேன். "அவள் பெயர் மார்சலி."
"சரி" என்றாள்.
முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு
நாற்காலியை
இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தாள்.