நேராகத்தான் இருந்தது

நீபூல் மருத்துவமனை. பிப்ரவரி. வெளியே ஐஸ் மழை.
படகுத்துறையில் வழுக்கி விழுந்த பிரார் கெட்டல்சென்
சக்கரப் படுக்கையில் வந்து சேர்கிறார்.
ஒரு காலில் பூட்ஸ் இருக்கிறது.
மற்றதைக் கத்தரித்து எடுத்தாயிற்று.
புது பூட்ஸ். முனகல் பாதி அதற்காக.

"பைன்" என்கிறார். ஜெர்மனில் கால்.
எக்ஸ்ரே எடுக்கும் சிஸெல்
எல்லைக்கு வடக்கேயிருந்து தினமும் ரயிலில் வருகிறவள்.
அவளுடைய டேனிஷில் அதே சொல் "பேன்".
(நம் தலையில் ஊர்வதல்ல. சிரிக்க வேண்டாம்.)
அங்கே அது காலும்தான், எலும்பும்தான்.
நாய் கவ்விக்கொண்டு ஓடுவது அது,
நாற்காலிக்கு நான்கு இருப்பதும் அது.

"காலா, எலும்பா?"
"இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தேன்."

ஒரு காலத்தில் ஜெர்மனிலும் எலும்புதான் அது.
பிறகு, தட்டினால் டொக்கென்று கேட்கிற வேறொரு சொல்
எந்தக் கசாப்புக்கடை வழியாகவோ நுழைந்து
உடம்பு முழுக்கத் தன் பெயரை எழுதிக்கொண்டது.
பழைய சொல் கீழே இறங்கி
காலில் குடியேறியது.
சாமான் எல்லாவற்றையும் எடுத்துப் போகவில்லை:
கழுத்தடியில் சாவியெலும்பு என்று ஒரு மூட்டை,
யானைத் தந்தத்தின் பெயருக்குள் ஒரு மூட்டை,
மிச்சம், பன்மையில், கல்லறைகளுக்குள்.

கால் என்றால் காற்று என்றும் சொன்ன
மொழியில் உட்கார்ந்துகொண்டு
நான் யாரைக் கேலி செய்ய?

அதற்கும் முன்னால்?
லத்தீனிடம் விசாரித்தால் தெரியாது என்கிறது,
கிரேக்கம் கதவே திறக்கவில்லை.
வடக்கின் பழம்பேச்சில் மட்டும்
ஏறக்குறைய இதே ஒலியில், "நேரான" என்று ஒரு சொல்.
இதற்குத் தாயா, பிள்ளையா,
முகம் மட்டும் ஒத்த யாரோவா,
கல்லின் மேலும் எலும்பின் மேலும்
சத்தியம் செய்கிற ஜெர்மானியர்கூட
இதற்குச் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

படம் திரையில் விழுகிறது.
முழங்காலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு
பாதி வழியில் மனம் மாறி
வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

பிரார் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.
"என்னுடையதா?"
"உங்களுடையதுதான். அசையாதீர்கள்."
"காலையில் நேராகத்தான் இருந்தது."

சிஸெல் பதில் சொல்லவில்லை.
ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டுகிறாள்.
அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு
ஒற்றை பூட்ஸ் மட்டும் விற்கிற கடை
இந்த ஊரில் உண்டா என்று கேட்கிறார்.